பருத்திக்கு ஒரு கட்டம்

டிசம்பர் கடைசி வாரத்தில் பிளஸ் டூ உயிரியலுக்கு ஒரு திருப்புதல் அட்டவணை போட்டேன். தாவரவியல் 10 பாடம், விலங்கியல் 12 பாடம், ஆக 22. ஒரு பாடத்துக்கு இரண்டு நாள், நடுநடுவே மாதிரித் தேர்வு, சனி ஞாயிறில் மூன்று மணி நேர முழுத் தேர்வு. மடிக்கணினியில் கட்டம் கட்டி, படித்தால் பச்சை, பாதி படித்தால் மஞ்சள், படிக்கவில்லை என்றால் சிவப்பு என்று வண்ணமெல்லாம் கொடுத்து, பெரம்பலூரில் பெரிய தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன். குன்னம் வட்டத்தில், செந்துறை எல்லையை ஒட்டிய ஒரு காலனியில் நானும் இரண்டு நண்பர்களும் வாரத்தில் நான்கு நாள் இரவுப் பாடசாலை நடத்துகிறோம். சமுதாயக் கூடத்துச் சுவரில் அதை ஒட்டினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

பிளஸ் டூ படிக்கிற ஒரு பெண் கொஞ்ச நேரம் அதன்முன் நின்று பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, இதுல பருத்திக்கு எங்க எடம் விட்டிருக்கீங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் விளக்கினாள். பொங்கலை ஒட்டித்தான் பருத்தி எடுப்பு. அம்மாவோடு சனி, ஞாயிறு இரண்டு நாளும் இவளும் போவாள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. இரண்டு கை கூடினால் அந்த வாரம் கடன்காரருக்குப் பதில் சொல்லலாம். சில வாரம் வெள்ளிக்கிழமையும் பள்ளிக்கு லீவு போட வேண்டியிருக்கும். நான் முழுத் தேர்வு வைத்திருந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் குனிந்து பருத்தி எடுக்கும் நாள்.

நானும் இதே மாவட்டத்தில் பிறந்தவள்தான். என் அம்மாவும் பருத்தி எடுத்தவர்தான். ஆனாலும் அட்டவணை போட உட்கார்ந்ததும் என் கை தானாகவே வார விடுமுறை உள்ள வீட்டுப் பிள்ளைக்குத்தான் கட்டம் கட்டியது. பல்கலைக்கழகத்தில் ஏழெட்டு வருடம் இருந்தால் சனி ஞாயிறு என்பது ஓய்வு நாள் என்று உடம்பே நம்பத் தொடங்கிவிடுகிறது போலும். அன்றைக்கு வந்த வெட்கத்திலிருந்துதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் ஒரு பெருமையைச் சொல்லிவிட வேண்டும். பின்தங்கிய மாவட்டங்கள் என்று எல்லாரும் சொல்கிற பெரம்பலூரும் அரியலூரும் பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் மாநிலத்தின் தலையில் நிற்கின்றன. 2022 பிளஸ் டூவில் 97.95 சதவீதத்துடன் பெரம்பலூர் முதலிடம். 2024 பத்தாம் வகுப்பில் 97.31 சதவீதத்துடன் அரியலூர் முதலிடம். 2025 பிளஸ் டூவில் 98.82 சதவீதத்துடன் மறுபடியும் அரியலூர். சுண்ணாம்புக்கல் குவாரியும் சிமெண்ட் லாரியும் மானாவாரிக் காடும்தான் எங்கள் அடையாளம் என்று நினைத்தவர்களுக்கு இது நல்ல பதில். இதற்காக மாலை ஆறு மணிவரை பள்ளியில் உட்கார்ந்து தனி வகுப்பு எடுத்த ஆசிரியர்களை நான் அறிவேன். அவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் தேர்ச்சி என்பது எந்த எண்? உயிரியலில் மொத்தம் 100. எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு மொத்தம் 35 வேண்டும், அதில் எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 இருக்க வேண்டும். செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் பெரும்பாலும் முழு மதிப்பெண் வந்துவிடும், அது 30. மிச்சம் எழுத்தில் 15 எடுத்தால் போதும். இப்போது வினாத்தாளைப் பாருங்கள். தாவரவியலுக்கு 35, விலங்கியலுக்கு 35. ஒவ்வொன்றிலும் எட்டு ஒரு மதிப்பெண் வினா. எட்டும் எட்டும் பதினாறு. அதாவது பாடத்தின் பின்னால் இருக்கும் சரியான விடையைத் தேர்ந்தெடு பகுதியை மட்டும் நெட்டுருப் போட்டவர், கேள்விகள் அங்கிருந்தே வந்தால், ஒரு வரிகூடப் பாடத்தைப் புரிந்துகொள்ளாமல் பிளஸ் டூ உயிரியலில் தேர்ச்சி பெற்றுவிடலாம்.

இந்தக் கணக்கு பள்ளிகளுக்கு நன்றாகவே தெரியும். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் ஒரு பட்டியல் தயாராகும். முன்பெல்லாம் 'ஸ்லோ லேர்னர்' என்றார்கள், இப்போது 'மெல்ல மலரும் மாணவர்கள்' என்று பூப்போட்ட பெயர். பட்டியலில் உள்ளவர்களுக்குக் கையில் ஒரு மெல்லிய புத்தகம், மினிமம் மெட்டீரியல். ஒரு மதிப்பெண் வினாக்கள், அடிக்கடி வரும் இரண்டு மதிப்பெண், வரைந்து பாகம் குறிக்க இரண்டு மூன்று படம். இதைத் தவிர வேறெதையும் படிக்காதே என்பதுதான் அறிவுரை. அவர்களுடைய திருப்புதலைத் தினமும் கண்காணிப்பார்கள், காலையில் ஸ்லிப் டெஸ்ட், மாலையில் ஒப்பித்தல். யாரும் கண்காணிக்கவில்லை என்று சொல்ல முடியாது, அந்தக் கண்காணிப்பு 15 என்ற எண்ணோடு நின்றுவிடுகிறது என்பதுதான் பிரச்சினை. இன்னொரு பக்கம் 'சென்டம்' எடுக்கக்கூடியவர்கள் என்று ஒரு பட்டியல். அவர்களுக்கு முழுப் பாடம், கடந்த ஆண்டுகளின் வினாத்தாள், தனி வகுப்பு.

இந்த இரண்டு பட்டியலையும் எடுத்து யார் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். பட்டியல் போடும் ஆசிரியர் சாதி பார்த்துப் போடுவதில்லை, மதிப்பெண் பார்த்துத்தான் போடுகிறார். ஆனால் அரையாண்டுத் தேர்வு வரும்போது யார் வீட்டில் மக்காச்சோளம் ஒடித்தார்கள், யார் வீட்டில் சின்ன வெங்காயம் நட்டார்கள், யார் தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தார்கள் என்பது அந்த மதிப்பெண்ணுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. நான் பிளஸ் டூ படித்தபோது, 2010-ஐ ஒட்டிய வருடங்கள் அவை, என் வகுப்பிலும் இரண்டு பட்டியல் இருந்தது. காலனியிலிருந்து வந்த ஏழு பேரில் ஆறு பேர் ஒரே பட்டியலில் இருந்தோம். ஏழாவது ஆள் விடுதியில் தங்கிப் படித்தவன், அவனுக்குச் சாயங்காலம் என்று ஒன்று இருந்தது. அந்த மெல்லிய புத்தகத்தை வாங்கி மூன்று நாளில் முடித்துவிட்டு, மேல் பட்டியல் பெண்ணிடம் முழுப் புத்தகக் குறிப்பைக் கேட்டேன். "உனக்கு எதுக்கு அது, உனக்குக் கொடுத்ததைப் படி" என்றாள். கெட்டவள் இல்லை. எனக்கு இவ்வளவுதான் என்று ஆசிரியர் வரைந்த கோட்டை அவளும் நம்பினாள், அவ்வளவே. நானும் கொஞ்ச நாள் நம்பினேன்.

திருப்புதல் பற்றி அரியலூரில் நின்றுகொண்டு பேசினால் குழுமூரைச் சொல்லாமல் நகர முடியாது. செந்துறைப் பக்கத்துச் சிற்றூர் அது. மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள் அனிதா 2017-ல் பிளஸ் டூவில் 1200-க்கு 1176 எடுத்தார். இயற்பியல் 200, கணிதம் 200, வேதியியல் 199, உயிரியல் 194. இந்த நான்கில் அவருக்கு மதிப்பெண் குறைந்த பாடம் உயிரியல், அதிலேயே 194. பழைய முறையில் மருத்துவக் கட் ஆஃப் கணக்கிட்டால் 200-க்கு 196.75. மே 7 அன்று நடந்த நீட் தேர்வில் 720-க்கு 86. ஆகஸ்ட் 22-ல் நீட் அடிப்படையில்தான் சேர்க்கை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் தன்னையும் ஒரு தரப்பாகச் சேர்த்துக்கொண்டு டெல்லிவரை போய் வந்த அந்தப் பெண்ணைச் செப்டம்பர் 1-ஆம் தேதி இழந்தோம்.

அப்போது தொலைக்காட்சி விவாதங்களில் ஒரு வாதம் திரும்பத் திரும்ப வந்தது, இன்றும் வருகிறது. நீட் கடினமல்ல, சரியாகத் திட்டமிட்டுப் படித்தால் யாரும் ஜெயிக்கலாம் என்பது. 2016-17 கல்வியாண்டில் ஒரு தமிழ்நாட்டு மாணவர் எதைத் திட்டமிட்டிருக்க முடியும்? 2016 மே மாதம் மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு மாநிலங்களுக்கு அந்த ஆண்டு விலக்கு அளித்தது. 2017 தொடக்கத்தில் சட்டமன்றம் நிரந்தர விலக்குக் கேட்டு மசோதா நிறைவேற்றியது. மாநில அரசு கடைசிவரை விலக்கு வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தது. மார்ச்சில் பொதுத்தேர்வு, மே முதல் வாரத்தில் நீட், இரண்டில் எது செல்லும் என்பது ஆகஸ்டில் தெரிந்தது. எந்தத் தேர்வுக்குப் படிக்கிறோம் என்பதையே அரசுகள் சொல்லாத ஒரு வருடத்தில், 1176 எடுத்த ஒரு பெண்ணைத் திட்டமிடத் தெரியாதவள் என்று சொல்ல ஒரு கூச்சம் வேண்டாமா?

இன்னொன்றும் இருக்கிறது. நீட்டில் பாதி உயிரியல், 180 கேள்வியில் 90, 720-ல் 360 மதிப்பெண். அந்த 90-இல் ஒரு பெரும் பங்கு பதினொன்றாம் வகுப்புப் பாடத்திலிருந்து வருகிறது, தாவரச் செயலியல், மனித உடற்செயலியல் எல்லாம் அங்கேதான். பல தனியார் பள்ளிகள் வருடக்கணக்கில் பதினொன்றைத் தொடாமல் இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தின என்பது ஊரறிந்த ரகசியம். அதை நிறுத்தத்தான் 2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-ல் மாநிலக் கல்விக் கொள்கை அதை மறுபடியும் எடுத்துவிட்டது. பிள்ளைகளின் மன அழுத்தம் குறையும் என்கிற காரணம் எனக்குப் புரிகிறது, மூன்று வருடம் தொடர்ந்து பொதுத்தேர்வு என்பது கொடுமைதான். ஆனால் பதினொன்றாம் வகுப்பு உயிரியலை நடத்தியே ஆக வேண்டும் என்று பள்ளியைக் கட்டாயப்படுத்த வேறு எதை வைத்திருக்கிறோம்? காசு உள்ள பிள்ளை அதைப் பயிற்சி மையத்தில் படித்துக்கொள்வாள். விடுபட்ட பாடம் கடைசியில் யார் தலையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை.

திட்டமிடுதல் என்று இவர்கள் சொல்வதன் உண்மையான பொருள் என்ன என்பதை நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவின் 2021 அறிக்கை எண்ணால் காட்டியது. 2016-17-ல் மருத்துவப் படிப்பில் சேர்ந்தவர்களில் ஒரு முறைக்கு மேல் முயன்று வந்தவர்கள் 12.47 சதவீதம். 2020-21-ல் அது 71.42 சதவீதம். ஆக, நீட்டுக்கான வெற்றிகரமான திருப்புதல் அட்டவணை என்பது அறுபது நாள் அட்டவணை அல்ல, ஒரு வருடம் வேலைக்கும் போகாமல், கல்லூரிக்கும் போகாமல், கல்யாணப் பேச்சும் எழாமல் வீட்டிலோ விடுதியிலோ உட்கார்ந்து படிக்க முடிகிற அட்டவணை. அந்த ஒரு வருடத்தை வாங்கப் பணம் வேண்டும். எங்கள் பக்கத்துப் பெண் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வருடம் பணம் கொடுத்தாலும் கிடைக்காது. பிளஸ் டூ முடித்து வீட்டில் இருக்கிறாள் என்றால் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

நிலம் எப்படிச் சாதிவாரியாகப் பங்கிடப்பட்டதோ அப்படித்தான் நேரமும். ஒருவருக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் சொந்தம் என்பதைப் பிறப்பு தீர்மானிக்கிறது. எல்லாருக்கும் 24 மணி நேரம்தானே என்று தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் மேடையில் சொல்லும்போது கைதட்டுகிறோம். அந்த 24-இல் தண்ணீர் பிடிக்க எவ்வளவு, விறகுக்கு எவ்வளவு, மாட்டுக்கு எவ்வளவு, பேருந்துக்குக் காத்திருக்க எவ்வளவு?

சில நேரம் தேதியே பறிபோகும். 2019 ஏப்ரல் 18, மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். அரியலூர் மாவட்டம் பொன்பரப்பியில் தலித் குடியிருப்பில் புகுந்து வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். அந்த ஆண்டு நீட் மே 5. நடுவில் 17 நாள். அந்தத் தெருவில் ஒரு பிள்ளை நீட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தால் அந்த 17 நாளின் கட்டங்களில் என்ன எழுதியிருப்பாள்? உடைந்த ஓட்டை எடுத்துப் போட்டோம், காவல் நிலையம் போனோம், இரவு தூங்கவில்லை. எந்தப் பயிற்சி மையத்தின் 'லாஸ்ட் ட்வென்டி டேஸ்' அட்டவணையிலும் இதற்கு ஒரு நிறம் இல்லை.

இதையெல்லாம் சொன்னால் சில தோழர்கள், அப்புறம் எதற்கு நீங்களே உட்கார்ந்து அட்டவணை போட்டுக் கொடுக்கிறீர்கள், நீட்டை எதிர்க்கிறீர்களா, அதற்குப் பழக்குகிறீர்களா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். விலக்கு மசோதா 2021-ல் நிறைவேறி, ஆளுநர் திருப்பி அனுப்பி, 2022-ல் மறுபடி நிறைவேறி, குடியரசுத் தலைவரிடம் போய் நிராகரிக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நாம் நீதிமன்றத்திலும் தெருவிலும் இதைத் தொடர்ந்து பேசுவோம். அதற்கிடையில் இந்த மார்ச்சில் தேர்வு எழுதப் போகும் பெண்ணுக்கு வயது பதினேழு. போராட்டம் முடியும்வரை அவளை வயதேறாமல் நிறுத்தி வைக்க முடியாது. 1855-ல் உழைக்கும் மக்களுக்காகப் புனேயில் இரவுப் பள்ளி தொடங்கிய ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும், சாதி ஒழிந்தபின் பாடம் நடத்தலாம் என்று காத்திருக்கவில்லை. தவிர, போராட்டம் எதையும் பெற்றுத் தரவில்லை என்பதும் பொய். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அதற்கு முன் ஒற்றை இலக்கத்தில் தேங்கிக் கிடந்தவர்கள் முதல் ஆண்டிலேயே நூற்றுக்கணக்கில் உள்ளே போனார்கள். 2022 ஜனவரியில் அரியலூருக்கே 150 இடங்களோடு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது, அதன் அரங்குக்கு அனிதாவின் பெயர். (பெரம்பலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் வரவில்லை.) கதவு ஒரு விரல் அளவு திறந்திருக்கிறது. அந்த இடைவெளியில் யார் பிள்ளை நுழைகிறது என்பதைப் பயிற்சி மையங்களிடம் விட்டுவிட முடியுமா?

மாவட்ட நிர்வாகம் நினைத்தால் நடக்கும் என்பதற்கும் இங்கேயே முன்னுதாரணம் உண்டு. 2010-களின் முற்பாதியில் பெரம்பலூர் ஆட்சியராக இருந்த தரேஸ் அகமது, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 'சூப்பர் 30' என்று ஒரு வகுப்பைத் தொடங்கினார். அதில் படித்தவர்கள் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் போனார்கள். என் குறை ஒன்றுதான். அது ஏற்கெனவே மேல் பட்டியலில் இருந்தவர்களுக்கான வகுப்பு. கீழ்ப் பட்டியலுக்கு யாரும் 'சூப்பர்' என்று பெயர் வைப்பதில்லை.

சரி, அந்தச் சுவர் அட்டவணை என்ன ஆனது? கிழித்துவிட்டு ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தோம். முதலில் பாடத்தை எழுதவில்லை, படிக்க முடியாத நாட்களை எழுதினோம். பருத்தி, மக்காச்சோளம், ஊர்க் கோயில் திருவிழா, அக்கா வளைகாப்பு, மாதவிடாயில் வயிற்றுவலி வரும் இரண்டு நாள், அப்பா குடித்துவிட்டு வரும் சம்பள நாள். எல்லாவற்றையும் எழுதிய பிறகு மிச்சம் வந்தது 31 நாள். நான் போட்டது 60. இந்த 31 நாளுக்குத்தான் 22 பாடத்தைப் பிரித்தோம். சனிக்கிழமை முழுத் தேர்வு போய், செவ்வாய் ஒரு மணி நேரம், வியாழன் ஒரு மணி நேரம் என்று துண்டு துண்டாக ஆனது. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துத் தோழிகள் கேட்டால் அவர்களுக்கு இதே கணக்கு வேறு மாதத்தில் வரும். பங்குனி, சித்திரையில் முந்திரி பொறுக்கும் காலம். பொதுத்தேர்வு முடிந்து நீட் வருவதற்குள் இருக்கும் நாட்கள் அவை. 2025-ல் பொதுத்தேர்வு மார்ச் 25-ல் முடிந்து நீட் மே 4-ல் நடந்தது, சரியாக 40 நாள். பயிற்சி மையத்துப் பிள்ளைக்கு 'கிராஷ் கோர்ஸ்', இவர்களுக்கு முந்திரிக்காடு.

இரண்டாவது மாற்றம், பச்சை மஞ்சள் சிவப்பைத் தூக்கியது. 'படித்தேன்' என்ற கட்டம் பொய் சொல்லும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு முன்னேற்ற அறிக்கை எழுதும் ஆள் நான், எவ்வளவு அழகாகப் பொய் சொல்லும் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பதில் மூன்று கட்டம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுதினேனா, அதில் எத்தனை தப்பு, அடுத்து என்றைக்குத் திரும்பப் பார்ப்பேன். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-ல் எழுதிய விஷயம்தான் இது. படித்த கொஞ்ச நேரத்திலேயே பெரும்பகுதி மறந்துபோகிறது, பிறகு மறதியின் வேகம் குறைகிறது, இடைவெளி விட்டுத் திரும்பப் பார்த்தால் நிற்கிறது. ஒரே நாளில் ஐந்து மணி நேரம் உட்கார முடியாத பிள்ளைக்கு இது நல்ல செய்தி. மூன்றாம் நாள், பத்தாம் நாள், இருபத்தைந்தாம் நாள் என்று இருபது நிமிடம் கிடைத்தால் போதும். லாக் ஓபரானைப் பருத்திக் காட்டில் நின்றுகொண்டே மனதுக்குள் ஓட்டிப் பார்க்கலாம். அந்தப் பெண் அப்படித்தான் செய்தாள். ஒரு வரிசை முடிவதற்குள் அடக்கி ஜீன், இயக்கி, செயல்படுத்தி, அமைப்பு ஜீன்கள் என்று வரிசையாகச் சொல்லிவிடுவாளாம். "அம்மா என்னடி தனியா பேசிட்டு வர்றேன்னு திட்டுது அக்கா" என்றாள்.

மாதிரித் தேர்வு வைத்தபோது இன்னொன்றும் கவனித்தோம். பிள்ளைகள் கேள்விகளை வெற்றாக விடுகிறார்கள். தெரியாததால் மட்டும் அல்ல, ஏறக்குறையத் தெரிந்ததையும் விடுகிறார்கள். சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று கழிக்கப்படும். கணக்குப் போட்டால் நான்கு விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டாலும் சராசரியாகக் கால் மதிப்பெண் லாபம். ஒரு விடை நிச்சயம் இல்லை என்று ஒதுக்க முடிந்தால் லாபம் முக்கால் மதிப்பெண்ணை நெருங்கும். இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டிய பிறகும் ஒரு பையன், "தப்பாயிடுச்சுன்னா?" என்றே கேட்டான். தப்பாகப் பதில் சொன்னதற்காக வகுப்பு முழுக்கச் சிரித்த அனுபவம் உள்ளவனுக்கு நிகழ்தகவைச் சொன்னால் மட்டும் கை எழாது. அதனால் நோட்டில் 'துணிந்து தொட்டது' என்று ஒரு வரி சேர்த்தோம், அது தவறானாலும் திட்டு கிடையாது. மூன்று வாரத்தில் வெற்றுக் கட்டங்கள் குறையத் தொடங்கின.

பரிணாமப் பாடம் வந்தபோது மட்டும் அட்டவணையை மறந்துவிட்டோம். புதைபடிவம் என்று புத்தகத்தில் படம் பார்த்துப் படிக்க வேண்டியவர்களா நாங்கள்? சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிப் போன மரம் கிடக்கிறது, 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. காரை ஓடையில் கடல் உயிரிகளின் எச்சம் காலில் இடறும். 2020-ல் குன்னத்தில் குளம் வெட்டும்போது உருண்டை உருண்டையாகக் கிடைத்ததை டைனோசர் முட்டை என்று நாடே பேசியது, பார்த்தால் அம்மோனைட் படிவுகள். பிள்ளைகளில் இரண்டு பேர் அந்த உருண்டைகளை நேரில் போய்ப் பார்த்தவர்கள். அன்றைக்குப் பாடத்தை அவர்கள்தான் நடத்தினார்கள். அந்தப் பாடத்தில் யாருக்கும் திருப்புதல் தேவைப்படவில்லை. எங்கள் மண்ணுக்கடியில் கிடப்பதைப் பற்றிய பாடத்திலேயே ஒரு பிள்ளை 'மெல்ல மலரும்' பட்டியலில் இருக்கிறாள் என்றால் மலராதது யார் என்று யோசிக்க வேண்டும்.

மரபுக் கடத்தல் பாடத்தின் கடைசிப் பகுதியில் யூஜெனிக்ஸ், யூதெனிக்ஸ் என்று வரும். பிறப்பால் தேர்ந்தெடுத்து மனித இனத்தை மேம்படுத்துவது ஒன்று, சூழலை மேம்படுத்துவதால் மனிதரை மேம்படுத்துவது மற்றொன்று. ஒரு மதிப்பெண் வினாவில் அடிக்கடி குழம்பும் சொற்கள் என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில்தான் அம்பேத்கரும் பெரியாரும் வாழ்நாள் முழுக்கப் பேசியது இருக்கிறது என்று நான் கொஞ்சம் கூடுதலாகவே பேசிவிட்டேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். மணி ஒன்பதரை.

நோட்டின் கடைசிக் கட்டம் தூக்கம். எத்தனை மணி நேரம் தூங்கினேன், மனசு எப்படி இருக்கிறது, இரண்டே சொல்லில் எழுத வேண்டும். இதை முதல் நாளே வைத்தேன், ஏனென்றால் அனிதாவுக்குப் பிறகும் அரியலூர் மாவட்டத்தில் பிள்ளைகளை இழந்திருக்கிறோம். 'சரியில்லை' என்று இரண்டு நாள் தொடர்ந்து எழுதியிருந்தால் அன்று பாடம் கிடையாது, உட்கார்ந்து பேசுவோம். எங்களிடம் பேச முடியாததற்கு 104, 14416 என்ற இரண்டு எண்ணையும் அட்டையின் உள்பக்கம் எழுதி வைத்திருக்கிறோம். ஒரு பையன் அந்த எண்ணை அழைத்துப் பேசினான் என்று பின்னால் தெரிந்தது. என்ன பேசினாய் என்று யாரும் கேட்கவில்லை.

பள்ளிக் கல்வித் துறையிடம் கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. மேல்நிலைப் பள்ளியில் தாவரவியலுக்கு ஒருவர், விலங்கியலுக்கு ஒருவர் என்று இரண்டு முதுகலை ஆசிரியர் பணியிடம். ஒன்று காலியாக இருந்தால் மற்றவர் இரண்டையும் இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது. இரண்டையும் நிரப்புங்கள். திருப்புதல் தேர்வுத் தேதிகளை எங்கள் மாவட்டத்து அறுவடையைப் பார்த்து வையுங்கள், சென்னைக்கும் எங்களுக்கும் ஒரே ஜனவரி அல்ல. தேர்ச்சி சதவீதத்தை வெளியிடும் அன்றே, எழுத்துத் தேர்வில் 15-க்கும் 25-க்கும் நடுவில் எத்தனை பேர், அவர்களில் ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்து வெளியிடுங்கள். 98.82-க்கு நாங்களும் மகிழ்வோம், அந்த எண்ணின் உள்ளே யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தபிறகு.

போன செவ்வாய் அந்தப் பெண்ணின் நோட்டைப் பார்த்தேன். மூலக்கூறு மரபியல், மூன்றாவது முறை, பார்க்காமல் எழுதியதில் தப்பு இரண்டு. அதற்கு அடுத்த வரியில், நான் போடாத ஒரு கட்டத்தைப் பென்சிலால் அவளே கட்டியிருந்தாள். மேலே 'பருத்தி' என்று தலைப்பு, கீழே 14 கிலோ.